மச்சம் காணாமல் போன கால்

என் வீட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மாத்திரை அட்டையின் தேதியைக் கடைக்காரர் படித்துக் காட்டினாலும், கண்ணாடி போட்டுத் தானும் ஒரு தரம் படிப்பார். இருபத்திரண்டு வருஷமாக ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு டச்சப் செய்கிறவர். பரு, தழும்பு, மச்சம் எல்லாம் அவர் கைபட்டால் போய்விடும். பொய்யைச் செய்து பிழைக்கிறவருக்கு ஊரே பொய்யாகத் தெரிந்ததில் என்ன அதிசயம்?

சர்க்கரை வந்து பத்து வருஷத்தில் பாதம் மரத்துப்போயிருந்தது. கேமரா ஸ்டாண்டின் திருகாணி ஒன்று ஷூவுக்குள் விழுந்து, அதோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார்; தெரியவே இல்லை. வலது கட்டைவிரலுக்கு அடியில் புண். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். தினமும் காலையில் கட்டு மாற்றும்போது, புண்ணுக்குப் பக்கத்தில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆப் புண்ணை அளக்கும். நிறம் மாறினால் சொல்லும்.

"படத்தப் பாத்து எங்க வெட்டலாம்னு கோடு போடுவாங்க" என்றார். அவருடைய அண்ணனுக்கு முதலில் விரல் போய், பிறகு முழங்கால்வரை போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

ஆனால் மறுநாளே சமர்த்தாகப் படம் அனுப்ப ஆரம்பித்தார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு கட்டு மாற்றுவார். கேட்டால் போனை நீட்டுவார். படத்தில் புண் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஒரு வாடை. என் மூக்குக்கு அவர் டச்சப் செய்ய முடியாதே.

இரண்டாவது வாரம் நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, புண்ணுக்குப் பக்கத்துல ஒரு மச்சம் இருந்துச்சே. அது எங்கக்கா போச்சு?"

பாவி மனுஷன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். படத்தில் புண்ணைத் திருத்தும்போது, கைப்பழக்கத்தில் மச்சத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது கட்டைப் பிரித்தேன். ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சைப் பிய்த்தெடுத்தேன். அவர் அசையக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல் கறுத்திருந்தது. என் போனில் எடுத்து உள்ளது உள்ளபடி நர்ஸுக்கு அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில், உடனே அழைத்து வரச் சொன்னாள்.

வழி முழுக்க அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நானும் ஆஸ்பத்திரிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டேனாம்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார்: இன்றே விரலை எடுத்தால் கால் தப்பும், போன வாரம் வந்திருந்தால் விரலே தப்பியிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முகத்தைப் பார்த்தேன், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கையெழுத்துக் காகிதத்தை நீட்டினார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். பதினோரு நாள் அந்தப் புண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தியவர் கேட்கிறார்.

"ஆமாங்க" என்றேன்.

பேனாவை வாங்கிக்கொண்டார்.