பொட்டு வைத்த டாலர்

பாண்டுங்கில் டாலரை மடிக்கக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தோனேசியாவின் இந்த ஊரில், பணம் மாற்றும் கடைக்காரர் நோட்டை விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார். பேனாக் கோடு இருந்தால் தள்ளிவிடுவார். கணவருக்கு நூற்பாலையில் வேலை என்று இங்கே வந்த புதிதில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊர் நன்னிலத்தில் இடுப்பில் செருகி வியர்வையில் ஊறிய நோட்டுக்கும் மீன் கொடுப்பார்கள். இப்போது நானே டாலரைக் கெட்டி அட்டைக்குள் வைத்துத்தான் எடுத்துப் போகிறேன்.

என் மகளுக்குக் காதுகுத்து என்று ஊரிலிருந்து அப்பா கிளம்பியபோது போனில் படித்துப் படித்துச் சொன்னேன். "பழைய நோட்டு வேணாம்ப்பா. ஏடிஎம் கார்டு கொண்டாங்க, இங்கயே எடுத்துக்கலாம்."

"அதுக்கு பேங்க்காரன் கமிஷன் புடிப்பான். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். கப்பல் வேலை முடித்து வந்த பக்கத்துத் தெருக்காரரிடம் ஐந்நூறு டாலர், வங்கியை விட டாலருக்கு இரண்டு ரூபாய் குறைவு. குறுவை நெல் விற்ற காசு அது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் போடவேண்டிய தோட்டை அப்பாதான் போட வேண்டும். மாப்பிள்ளை காசு அதில் ஒரு பைசா கலக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம்.

வீட்டுக்கு வந்ததும் பெருமையாகக் கவரை நீட்டினார். ஐந்து நோட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

"ஐயோ, யாருப்பா இப்படிக் கறை பண்ணினது?" என்று கத்திவிட்டேன்.

"கறையா? அம்மா சாமிகிட்ட வச்சு, பொட்டு வச்சுக் குடுத்தா" என்றார். முகம் சுண்டிவிட்டது.

இரண்டு கடையில் தொடவே மாட்டேன் என்றார்கள். மூன்றாவது கடைப் பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "திடாக் பிசா, பாக்" என்றாள். முடியாது ஐயா என்று அர்த்தம். ரத்தக்கறை என்று பயப்படுகிறாள் போல என்று அப்பா நினைத்துக்கொண்டார். "ரத்தம் இல்லம்மா, குங்குமம்" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவருக்குத் தலைவலியாக்கும் என்று அந்தப் பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் விளக்கிச் சொன்னதும், பத்து சதவீதம் கழித்துக்கொண்டு தருவதாகச் சொன்னாள்.

"நோட்டை நான் வச்சுக்கறேன்ப்பா. முழு ரேட்டுக்கு இந்த ஊர் ரூபியா நான் தர்றேன்."

"அப்புறம் அது யாரு போட்ட தோடு?" என்று கேட்டுவிட்டு, ஐந்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நாலாயிரத்துக்கு மேல் போயிற்று. நினைத்ததை விடச் சின்னத் தோடுதான் வாங்க முடிந்தது. இங்கே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், புது நோட்டாக வங்கியில் வாங்குங்கள், இல்லாவிட்டால் கார்டு போதும். அப்பாமீது அன்றைக்கு எனக்குக் கோபம்தான். ஆனால் கறை என்ற என் வாயைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

காது குத்தி முடித்ததும் அம்மா வீடியோவில் வந்தாள். "பணமெல்லாம் நல்லபடியா மாத்தியாச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "உன் பொட்டப் பாத்துட்டு ஒரு ரூபா கூடவே குடுத்தாங்க, போ!"

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அடுத்த தடவை நீ ஊருக்கு வர்றப்ப சொல்லுடி, உனக்கும் வச்சுத் தர்றேன்."

"வையிம்மா" என்றேன். அப்படி ஒரு நோட்டை இந்த ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். நன்னிலத்தில் அதை மாற்றிச் செலவு செய்ய எனக்கு மனசு வராது.