முழுப் படத்துக்கு முன்னால் வந்த மஞ்சள்

பிள்ளைகளே, நான் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். ஒரு பெருமழையில் நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. நானோ பாதை மூடப்பட்டதால் கினிகத்தேனை டவுனில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போன் போகவில்லை.

லயத்திலிருந்து வெளியேற்றிப் பாடசாலையில் தங்கவைக்கப்பட்டவர்களின் படங்களை எங்கள் ஊர் இளைஞர்கள் ஓர் இணையதளத்தில் போட்டார்கள். அதை நடத்திய, கம்ப்யூட்டர் படித்த சாந்தினியும் பஸ் நின்றுபோனதால் நான் ஒதுங்கிய தேநீர்க்கடையிலேயே லேப்டாப்போடு இருந்தார்.

"ஒரு படமும் தொறக்க மாட்டேங்குதும்மா. வெறும் வெள்ளையா நிக்குது," என்றேன்.

"இங்க சிக்னல் அப்படிங்கண்ணே. பொறுங்க, தளத்த மாத்திக் கட்டுறேன்."

தளத்தைக் கட்டும்போதே ஒவ்வொரு படத்துக்கும் மிகச் சிறிய, மங்கலான ஒரு நகலைக் கம்ப்யூட்டரே செய்து வைக்கும்படி அவர் மாற்றினார். முழுப் படம் வரும்வரை அந்த நகல் அதன் இடத்தில் நிற்கும்.

போனில் மறுபடி திறந்தேன். வெள்ளைக் கட்டங்களில் கலங்கிய நிறங்கள் வந்தன. ஒன்றில், பழுப்புக்கு நடுவே மஞ்சள். அதை ஒட்டிச் சிவப்பு.

"எம் மக மழைக்கோட்டு," என்றேன்.

"தார்ப்பாயா இருக்கும்ணே," என்றார் கடைக்காரர், மெதுவாக.

நான் கண்ணை எடுக்கவில்லை. படம் தெளிந்தது. மஞ்சள் கோட்டில் மகள். சிவப்புச் சால்வையில் மனைவி.

சாந்தினி அடுத்த படங்களை ஏற்றிக்கொண்டே, "இன்னும் எத்தன பேரு பாத்துக்கிட்டு இருப்பாங்களோ," என்றார்.

படிப்பு என்றால் உத்தியோகம் என்றுதான் நினைத்திருந்தேன். காத்திருக்கிறவனுக்கு முதலில் எதைக் கொடுக்கலாம் என்று யோசிப்பதும் படிப்புத்தான் என்று அன்று கண்டேன்.