முந்தி வந்த கொம்பு

கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தட்டச்சுக் கடையில் தமிழ் மனு அடிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். யுத்த காலம், மனுக்களுக்குக் குறைவில்லை. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி வந்து பக்கத்துக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தாள். தட்டச்சு வகுப்புப் பக்கமே போகாதவள். ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடிப்பாள், திரையில் தமிழ் வரும். ஒரு கையில் மீன் வைத்த மாலுபாண் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தாலும் என்னைவிட வேகம். வருகிறவர்கள் எல்லாம் அவளிடமே போனார்கள். அவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று எரிந்தேன்.

அந்த எரிச்சலில் நானும் அவளுடைய முறைக்கு மாறினேன். வகுப்பில் படித்த பழைய முறையில் 'பெ' என்றால் முன்னால் நிற்கும் கொம்பை அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்கவேண்டும். புதிய முறையில் எழுத்து முதலில், 'எ' பிறகு. பதினைந்து வருடப் பழக்கம் விரலை விடுமா?

இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகனைப் பார்க்க அனுமதி கேட்டு, கலகெதரவிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். நான் அடித்த மனுவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க இது? 'மகனின் எபயர்'னு போட்டிருக்கீங்க?"

அவள்தான் எழுந்து வந்தாள்.

"கொம்பு முந்தி வந்திட்டுது அக்கா. நான் திருத்தித் தாறன்."

திருத்திய தாளை அவரிடம் நீட்டாமல் என் கையில் தந்தாள், நானே கொடுக்கட்டும் என்று. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

மறுநாளே பழைய முறைக்குத் திரும்பினேன். மாறியதில் கண்ட பயன் ஒன்றே ஒன்று. அவள் தலையில் கொம்பு எதுவும் இல்லை. முந்திக்கொண்டு நின்றது என்னுடையதுதான்.