ஒரு ராசா குறைவு

நத்தாருக்கு, இயேசு பிறந்த குடிலில் வைக்க, மரத்தில் சூசையப்பர் செதுக்கக் கற்றுத்தரும் இணைய வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன். மொன்றியல் குளிரில் நடுவயதுக்காரன் செய்யக்கூடிய முட்டாள்தனங்களில் இது ஆபத்துக் குறைந்தது. "உருவம் ஏற்கெனவே மரத்துக்குள் இருக்கிறது" என்கிறார் திரையில் ஆசிரியை. நான்கு ஞாயிறாகத் தேடுகிறேன். என் மரத்துக்குள் இருப்பது உருளைக்கிழங்கு.

இன்று சீவிய மரத்தின் வாசம் எழுந்ததும், யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் அப்பா வந்து உட்கார்ந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சவர பிளேட். அந்த வருடம் எங்கள் பாலன் குடிலின் சூசையப்பரைக் கறையான் தின்றுவிட்டது. சண்டைக்கால ஊரடங்கில் கடைகளும் பூட்டு. அப்பா, பாலனைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களில் ஒருவரின் கிரீடத்தைச் சீவி எறிந்து, அவரையே சூசையப்பர் ஆக்கினார்.

குடில் பார்க்க வந்த பக்கத்து வீட்டு ரீச்சர் எண்ணிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "என்ன தம்பி, ரெண்டு ராசாதான் நிக்கினம்?"

"மற்றவரை வாற வழியில ஆமி மறிச்சுப்போட்டுது, அக்கா."

சிரிக்கத் தொடங்கிய ரீச்சர் பாதியில் நிறுத்தினார். என் அண்ணையை ஆமி பிடித்துக்கொண்டுபோய் அன்றைக்கு ஒன்பது நாள். அம்மா எழுந்து குசினி அடுப்படிக்குப் போனார். அப்பாவும் பின்னாலேயே போனார்.

"பகிடிக்குச் சொன்னனான்."

"தெரியும். அவன் வரட்டும், பேந்து சொல்லுங்கோ. சிரிக்கிறன்."

அண்ணை பொங்கலுக்கு முதல்நாள் வந்தார், வலக்கையைத் தூக்க முடியாமல். அப்பா அந்தப் பகிடியைச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

திரையில் வகுப்பு முடிந்திருந்தது. திரும்ப ஓடவிட அலுப்பாக இருந்தது.