பேனரில் இல்லாத தழும்பு

அம்பத்தூரில் பேனர் டிசைன் செய்து பிழைக்கிறேன். புது மானிட்டர் வாங்கப் போனபோது கடைக்காரர், "டிசைன் வேலைக்கா சார்? சின்னதா இருந்தாலும் ஐபிஎஸ் பேனல் எடுங்க, கலர் ஏமாத்தாது" என்றார். அதே விலைக்குப் பெரிய திரை கிடைக்கும்போது சின்னதை எவன் வாங்குவான்? பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் செய்தேன். அவருடைய கறுத்த முகம் என் திரையில் வெறும் நிழலாகத் தெரிந்தது. எல்லாருக்கும் செய்வதுபோல வெளுப்பாக்கினேன். தாடையில் கறை மாதிரி ஏதோ இருந்தது. போட்டோவில் பட்ட அழுக்கு என்று அழித்துவிட்டேன்.

சவ ஊர்வலம் கல்லறைக்குப் புறப்பட்டபோது, தெருமுனையில் கட்டிய பேனருக்கு முன்னால் அக்கா நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, தாடைல அந்தத் தழும்பு எங்க? யாரோ மாதிரி கீறாரே."



பிறகு அந்தச் சின்ன மானிட்டரையே வாங்கினேன். அதில் நான் கைவைக்காத பழைய போட்டோவைத் திறந்தால், தழும்பு பளிச்சென்று தெரிந்தது. உடனே அச்செடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

என் பேனரிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். தாடையில் பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தார்.

கொண்டுபோன படத்தை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை.