தம்பி அடிச்ச சிவப்பு பட்டன்

மலேசியாவுல, கூலாய்ங்கிற ஊர்ல ஒரே ஃபேக்டரியில நானும் என் தம்பி முகிலனும் வேலை செய்றோம். நான் தரம் பார்க்கிற கியூசி, அவன் டெக்னீஷியன்.

இன்னைக்குக் காலையில ஒரு நேப்பாளத் தொழிலாளியோட சட்டைக் கை கன்வேயர்ல மாட்டிக்கிச்சு. தம்பி ஓடிப்போய் சிவப்பு பட்டனை அடிச்சான். லைன் முழுசும் நின்னுடுச்சு. தோல் கொஞ்சம் உரிஞ்சதோட அந்த மனுஷன் கை தப்பிச்சுது.

மேனேஜர் வந்தார். அடிபட்டவரைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

"யாரைக் கேட்டு லைனை நிறுத்தின? அக்கா தயவுல உள்ள வந்தவன்தானே நீ!"

பாஸ், இப்ப எழுதியே சொல்றேன், ஃபேக்டரியில முதல்ல சேர்ந்தது அவன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். எத்தனை தடவை சொன்னாலும் உங்க மண்டையில ஏறாதா?

தம்பி குரலை உசத்தவே இல்ல. "உங்களைத் தேடி வந்து கேட்டிருந்தா அவர் கை போயிருக்கும், பாஸ்."

பத்து நிமிஷத்துல வார்னிங் லெட்டர் வந்துச்சு. அவன் அதைத் திருப்பி வச்சு, நடந்ததைப் பின்பக்கம் மலாய்ல எழுதி, அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். சாட்சின்னு எழுதி நானும் போட்டேன்.

வீட்டுல அவனை ஒரு நாள்கூடப் பாராட்டினது இல்ல. இந்த ஃபேஸ்புக் பதிவுல சொல்றேன். நீ என் தம்பிங்கிறதுல எனக்குப் பெருமைடா.

பாஸ், நீங்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கமெண்ட்ல வந்து கத்துங்க லா. இங்க யாரும் உங்களுக்குக் கீழ வேலை செய்யல.