ஜப்பானுக்குப் போன பாறையும் செஞ்சியில் போட்ட டெபாசிட்டும்

நான் புத்திசாலி என்று நானே நம்பிய வருஷம் ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில். அந்த வருஷம்தான் என் நிலத்துப் பாறையை விற்றேன்.

சிங்கவரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர். மேற்கு மூலையில் கிணறு, அதை ஒட்டி முதுகு தட்டையான பெரிய பாறை. நைனா காலத்திலிருந்து அதன்மேல்தான் நெல் அடித்தோம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைக் காயவைத்தோம். என் கணக்கில் அது ஏர் ஓட்ட முடியாத இடம், அவ்வளவுதான். விளையாத பாறைக்கும் தீர்வை கட்டுகிறேனே என்று வருஷா வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கல் புரோக்கர் ஜப்பான்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். மெட்ராஸ் பக்கம் கல்லுக்குப் பாலிஷ் போடும் கம்பெனியில் ஜப்பான்காரர்கள் பணம் போட்டிருந்தார்களாம். வந்தவர் பாறையைச் சுத்தியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று என் மனைவி சொம்பில் கொடுத்தாள். அவர் அதைப் பாறையில் ஊற்றினார். நனைந்தால்தான் கல்லின் நிறம் தெரியுமாம். இன்னும் வேண்டும் என்று சைகை காட்டினார். நான் ஓடி ஓடிக் கிணற்றில் சேந்தி, குடம் குடமாக ஊற்றினேன். தண்ணீர் பாறையில் வழிந்து, கீழே வாய்க்காலில் இறங்கி, திரும்பவும் கிணற்றிலேயே விழுந்தது. இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் என் கவனமெல்லாம் அவர் சிரிக்கிறாரா இல்லையா என்பதில் இருந்தது.

"மல்லாட்டைய எங்க காயப் போடுவ?" என்று மனைவி கேட்டாள்.

"வட்டி வாங்கிச் சாப்புடுறவன் இன்னாத்துக்கு மல்லாட்ட காயப் போடணும்?" என்றேன்.

இதை நினைத்தால் இன்றைக்கும் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் ஏமாளி இல்லை என்று காட்ட ஒரு நிபந்தனை போட்டேன். வெடி வைக்கக் கூடாது, கிணறு இடிந்துவிடும். அவர்களும் ஒத்துக்கொண்டு, துளை போட்டு, ஆப்பு அடித்து, பிளந்து பிளந்து எடுத்துப்போனார்கள். கிணற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். பணத்தைச் செஞ்சியில் ஒரு பேங்கில் டெபாசிட் போட்டேன். உங்களை மாதிரி ஆட்கள் சேமித்தால்தான் நாடு முன்னேறும் என்றார் அங்கிருந்த அதிகாரி. அந்நியச் செலாவணி என்னால்தான் வருகிறது என்று ஒரு மாதம் டீக்கடையில் எல்லார் உயிரையும் எடுத்தேன்.

அறுவடை வந்தது. வேறு வழியில்லாமல் மல்லாட்டையைத் தார் ரோட்டில் பரப்பினேன். பஸ் ஏறிப் பாதி நொறுங்கியது. டிரைவர் வண்டியை நிறுத்தி, "இன்னா நைனா, ரோட்ட உன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அதில் பாதிப் பேர் என் டீக்கடைப் பேச்சைக் கேட்டவர்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மழைக்காலம் முடிந்தும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை. பாறையிலிருந்து வழிந்து கிணற்றுக்கு வந்துகொண்டிருந்த மழை, இப்போது பாறை இருந்த பள்ளத்தில் பச்சையாகத் தேங்கிக் கொசு வளர்த்தது. நம்பிக்கையோடு தையில் மல்லாட்டை போட்டேன். பூத்து, விழுது மண்ணில் இறங்கும் சமயம் கிணறு தரை தட்டியது. பள்ளத்துத் தண்ணீரை இரண்டு தடவை இறைத்தேன். தீர்ந்தது. பத்து நாளில் தண்ணீர் விடாவிட்டால் இரண்டு ஏக்கரும் மாட்டுக்குத்தான்.

கிணற்றை ஆழப்படுத்துவதற்காக டெபாசிட்டை உடைத்தேன். கெடு முடியாததால் வட்டி குறைந்தது. அதிகாரி இந்தத் தடவை நாட்டை விட்டுவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார்.

எட்டடி தோண்டியதும் கடப்பாரை கணீரென்றது. அதே பாறை. பூமிக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தது. எனக்குச் சந்தோஷம். இதையும் விற்றுவிடலாமே! புரோக்கரிடம் ஓடினேன். வந்து எட்டிப் பார்த்தார்.

"இது கலர் செத்த கல்லு. சும்மா குடுத்தாலும் ஜப்பான்காரன் எடுக்க மாட்டான்" என்றார்.

வெடி வைக்கக் கூடாது என்று வீரம் பேசிய நானே, கூலி கொடுத்து வெடி வைத்தேன். டெபாசிட் பணம் அந்தப் புகையோடு போனது. முழங்கால் அளவு தண்ணீர் ஊறியது. அதற்குள் பயிர் காய்ந்துவிட்டது.

கரையில் குவிந்த கல்லைத் திட்டியபடி உட்கார்ந்திருந்தேன். மனைவி மண்வெட்டியை என் முன்னால் போட்டாள்.

"ஜப்பான்காரனுக்கு வோணாம்னா நமக்கு வோணும். களம் போடு" என்றாள்.

நான்கு நாள் கல்லைப் பரப்பி, சந்தில் மண் அடித்து, சாணி மெழுகினேன். இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு களம் வந்தது. அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றிவிட்டு, குனிந்து பார்த்தாள். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் ஓடியது.

"கெணத்துப் பக்கம் சரியிற வாட்டம் இல்ல. பேத்துட்டுப் போடு" என்றாள்.

பெயர்த்துவிட்டுப் போட்டேன்.